மலைக்கு மேற்கே ஒரு யார்க்‌ஷயர்

பங்குனி மாதக் கடைசியில் என் அக்காள் மகள் தன் வீட்டுக்கு வந்திருந்த வரிச் சீட்டைப் படம் பிடித்து எனக்கு அனுப்பியிருந்தாள். அவள் இங்கிலாந்தின் வடமேற்கே ஒரு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறாள். ஓல்டம் நகரத்துக்குள் வாடகைக்குக் குடியிருந்தவள், சென்ற ஆண்டு அங்கிருந்து கிழக்கே, மலையடிவாரத்தில் இருக்கும் அப்பர்மில் என்ற சிற்றூருக்கு மாறினாள். படத்தோடு ஒரு குரல்பதிவும் வந்தது. "மாமா, சீட்டுல ஓல்டம்னு போட்டிருக்கு. பக்கத்து வீட்டம்மா இது யார்க்‌ஷயர்னு சாதிக்காங்க. நான் இப்ப எந்த மாவட்டத்துலதான் இருக்கேன்?"

நில அளவைத் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சங்கிலியும் எல்லைக்கல்லுமாகத் திரிந்து ஓய்வு பெற்றவன் நான். அதற்கும் மேலாகச் செங்கோட்டைக்காரன். இந்தக் கேள்வி என்னிடம் வந்தது பொருத்தம்தான். எங்கள் ஊர் மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே இருக்கிறது. மலையில் பெய்யும் மழை எங்கள் பக்கம் சிற்றாற்றில் சேர்ந்து, தாமிரபரணியாகி, மன்னார் வளைகுடாவுக்குப் போகிறது. ஆனாலும் 1956 நவம்பர் 1 வரை எங்கள் வட்டம் மலைக்கு மேற்கே இருந்து ஆளப்பட்ட திருவிதாங்கூரையும், 1949-க்குப் பின் திருவிதாங்கூர் – கொச்சியையும் சேர்ந்ததாக, கொல்லம் மாவட்டத்தின் ஒரு பகுதியாக இருந்தது. என் தாத்தாவின் பத்திரங்கள் சங்கு முத்திரை பதித்த தாளில் எழுதப்பட்டவை. என் அப்பாவின் காகிதங்களில் திருநெல்வேலி மாவட்டம் என்று இருக்கிறது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானதால் என் பேரப்பிள்ளைகளின் சான்றிதழ்களில் அந்தப் பெயர் வருகிறது. வீடு மட்டும் அதே வீடு.

அப்பர்மில் இருக்கும் பகுதிக்குச் சாடில்வொர்த் என்று பெயர். வரைபடத்தை விரித்துப் பார்த்தபோது, எங்கள் செங்கோட்டையைக் கண்ணாடியில் காட்டியது போன்ற ஓர் இடம் அங்கே இருப்பதைக் கண்டேன். இங்கிலாந்தின் முதுகெலும்பு என்று சொல்லப்படும் பென்னைன் மலைத்தொடர் வடக்குத் தெற்காக ஓடுகிறது. அதன் கிழக்கே யார்க்‌ஷயர், மேற்கே லங்காஷயர். சாடில்வொர்த் மலையின் மேற்குச் சரிவில் கிடக்கிறது. அதன் நடுவே ஓடும் டேம் என்ற ஆறு, டென்ஷா என்ற ஊருக்கு மேலுள்ள கரம்பு மேட்டில் தோன்றி, டெல்ஃப், அப்பர்மில், கிரீன்ஃபீல்டு ஆகிய ஊர்களைக் கடந்து, ஸ்டாக்போர்ட் நகரில் காய்ட் என்ற ஆற்றோடு கூடி மெர்சி ஆறாகி, லிவர்பூலைத் தொட்டு ஐரிஷ் கடலில் விழுகிறது. நீர் முழுவதும் மேற்கே போகிறது. ஊரோ நூற்றாண்டுக் கணக்கில் கிழக்கே இருந்த யார்க்‌ஷயருக்குக் கணக்குக் கொடுத்து வந்தது. நாங்கள் கிழக்குச் சரிவில் இருந்துகொண்டு மேற்குக்குக் கட்டுப்பட்டிருந்தோம். அவர்கள் மேற்குச் சரிவில் இருந்துகொண்டு கிழக்குக்குக் கட்டுப்பட்டிருந்தார்கள்.

யார்க்‌ஷயர் மிகப் பெரிய நிலப்பரப்பு என்பதால் பழங்காலத்திலேயே அதை மூன்றாகப் பிரித்திருந்தார்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் ரைடிங் என்று பெயர். குதிரைச் சவாரிக்கும் அதற்கும் தொடர்பில்லை. மூன்றில் ஒரு பங்கு என்ற பொருளுடைய பழைய நார்ஸ் மொழிச் சொல்லிலிருந்து வந்தது அது. சாடில்வொர்த் மேற்கு ரைடிங்கின் கடைக்கோடி. இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. ஆட்சிக் கணக்கில் யார்க்‌ஷயராக இருந்த அவ்வூர், திருச்சபைக் கணக்கில் லங்காஷயரைச் சேர்ந்த ராச்டேல் தேவாலயப் பங்கின் கீழ் இருந்தது. வரி ஒரு பக்கம், வழிபாடு ஒரு பக்கம் என்ற இந்த நிலை எங்கள் பகுதியில் யாருக்கும் விந்தையாகப் படாது. புளியரையிலிருந்து மலையேறி ஆரியங்காவு ஐயப்பனைக் கும்பிட்டுவிட்டு, மாநில எல்லையைத் தாண்டித் திரும்பி வருகிறவர்கள்தானே நாங்கள்.

மலையைக் குடைந்து போன வழிகளிலும் இரண்டு ஊர்களுக்கும் உறவு உண்டு. சாடில்வொர்த்தைச் சேர்ந்த டிக்கிளிலிருந்து மலைக்கு அப்பாலுள்ள மார்ஸ்டனுக்கு ஸ்டாண்டெட்ஜ் என்ற கால்வாய்ச் சுரங்கம் 1811-இல் திறக்கப்பட்டது. ஐந்து கிலோமீட்டருக்கும் சற்று அதிகமான நீளம். பிரிட்டனின் கால்வாய்ச் சுரங்கங்களில் இதைவிட நீளமானதும் ஆழமானதும் உயரத்தில் அமைந்ததும் வேறில்லை. உள்ளே குதிரை நடக்கப் பாதை கிடையாது என்பதால், படகோட்டிகள் படகின் மேல் மல்லாந்து படுத்துக்கொண்டு, சுரங்கச் சுவரைக் கால்களால் உதைத்து உதைத்தே சரக்கை அக்கரை சேர்த்திருக்கிறார்கள். பிறகு அதே இடத்தில் 1848, 1871, 1894 ஆகிய ஆண்டுகளில் மூன்று ரயில் சுரங்கங்களும் வந்தன. எங்கள் செங்கோட்டை – புனலூர் பாதையில் 1904-இல் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது. அகலப்பாதையாக மாற்றப்பட்டு 2018-இல்தான் மீண்டும் முழுமையாகத் திறந்தது. சுரங்கத்துக்குள் வண்டி நுழையும்போது ஒரு மாநிலத்துச் சாரலும் வெளியே வரும்போது இன்னொரு மாநிலத்து வெயிலும் இருப்பதைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு ஸ்டாண்டெட்ஜைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை.

இனி ஓல்டம் நகரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பென்னைன் மலை, மேற்கேயிருந்து வரும் கடற்காற்றைத் தடுத்து நிறுத்தி ஈரத்தை அந்தப் பக்கமே இறக்கிவிடுகிறது. ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் காற்று குற்றாலத்துக்குச் சாரலைக் கொடுப்பதுபோல், அந்த ஈரக்காற்று ஓல்டத்துக்குப் பஞ்சாலைகளைக் கொடுத்தது. ஈரப்பதம் இருந்தால் நூல் அறாமல் நிற்கும் என்பது நூற்பாலையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். அதோடு நிலக்கரியும் அருகிலேயே கிடைத்ததால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் உலகத்திலேயே அதிகமாகப் பருத்தி நூற்கும் நகரமாக ஓல்டம் உயர்ந்தது. உச்சக் காலத்தில் 360-க்கும் மேற்பட்ட ஆலைகள் அங்கே இருந்தன. அந்த நூற்புத் தொழில் 1998-இல் அடியோடு நின்றுபோயிற்று. சாடில்வொர்த்தின் தொழில் வேறு. அங்கே கம்பளி. நெசவாளர் வீடுகளின் மேல்தளத்தில் வரிசை வரிசையாகச் சன்னல்கள் இருக்கும், தறிக்கு வெளிச்சம் வேண்டும் என்பதற்காக. நெய்த கம்பளியை அவர்கள் மலை தாண்டி யார்க்‌ஷயரின் ஹடர்ஸ்ஃபீல்டு சந்தைக்குக் கொண்டு போனார்கள். ஆறு மேற்கே ஓடினாலும் துணி கிழக்கே போயிற்று. மனிதர் எந்த ஊர்க்காரர் என்பதை ஆற்றைவிடச் சந்தை அழுத்தமாகத் தீர்மானிக்கும் என்று நான் நம்புவது இதனால்தான்.

1974 ஏப்ரல் 1 அன்று இந்த இரண்டையும் ஒரே மன்றத்தின் கீழ்ச் சேர்த்தார்கள். 1972-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் அன்றைக்கு நடைமுறைக்கு வந்தது. இங்கிலாந்தின் பெரிய தொழில் நகரங்களைச் சுற்றி ஆறு பெருநகரக் கோட்டங்களும், அவற்றுக்குள் 36 பெருநகர மாவட்டங்களும் அந்தச் சட்டத்தால் உண்டாயின. மான்செஸ்டரைச் சுற்றி அமைந்த கிரேட்டர் மான்செஸ்டர் கோட்டத்தில் பத்து மாவட்டங்கள். அவற்றில் ஒன்று ஓல்டம். அதுவரை தனியாக இயங்கிய ஓல்டம் நகரத்தோடு, லங்காஷயரைச் சேர்ந்த சாடர்ட்டன், கிராம்ப்டன், ஃபெயில்ஸ்வொர்த், லீஸ், ராய்ட்டன் ஆகிய ஐந்து சிறுநகர்ப் பகுதிகளையும், மேற்கு ரைடிங்கிலிருந்து சாடில்வொர்த்தையும் இணைத்து இந்த மாவட்டத்தை உருவாக்கினார்கள். மொத்தப் பரப்பு ஏறத்தாழ 142 சதுர கிலோமீட்டர். 2021 கணக்கெடுப்பின்படி இரண்டு லட்சத்து நாற்பத்திரண்டாயிரம் பேர் அங்கே வாழ்கிறார்கள். மேற்குப் பாதியில் செங்கல் வீடுகள் நெருங்கிய தெருக்கள். கிழக்குப் பாதியில் கல் வீடுகளும் செம்மறியாடுகளும், அவற்றுக்கு மேலே யாரும் குடியிருக்காத சதுப்பு மேடும். கிரேட்டர் மான்செஸ்டர் முழுவதற்கும் உயரமான இடமான பிளாக் சூ ஹெட், 542 மீட்டர், இந்த மாவட்டத்தின் ஓரத்தில்தான் இருக்கிறது. பெருநகரம் என்ற பெயரைக் கேட்டுவிட்டு அங்கே போகிறவர் காண்பது காற்றும் புல்லும்தான்.

பெயர் வைத்த முறையில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பக்கத்து மாவட்டங்கள் சில உருவானபோது, எந்த ஒரு நகரத்தின் பெயரும் மற்ற நகரங்களை மூடிவிடக் கூடாது என்று எண்ணிப் பொதுப் பெயர்களைத் தேடினார்கள். மலைக்கு அப்பால் கால்டர் ஆற்றுப் பள்ளத்தாக்கு கால்டர்டேல் ஆயிற்று. தெற்கே, டேம் ஆற்றின் பெயரால் டேம்சைடு என்ற மாவட்டம் வந்தது; லங்காஷயர், யார்க்‌ஷயர், செஷயர் ஆகிய மூன்றிலும் கால் வைத்திருந்த மாஸ்லி என்ற ஊர் அதில் சேர்ந்தது. ஓல்டத்திலோ பெரிய நகரத்தின் பெயரையே மாவட்டத்துக்கும் வைத்துவிட்டார்கள். சாடில்வொர்த்காரருக்கு இணைப்பைவிட இந்தப் பெயர்தான் உறுத்தியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆற்றின் பெயரை ஏற்றுக்கொள்ள யாருக்கும் கௌரவக் குறைவு இல்லை. அடுத்த ஊரின் பெயரை நெற்றியில் ஒட்டிக்கொள்வது வேறு.

எல்லையைப் பற்றிப் பேசும்போது டாட்மார்டனை விட்டுவிட மனம் வரவில்லை. கால்டர்டேலில் இருக்கும் அந்த ஊரின் நகர மண்டபம் 1875-இல் திறக்கப்பட்டபோது, லங்காஷயர் – யார்க்‌ஷயர் எல்லை அந்தக் கட்டடத்துக்கு நடுவாகப் போயிற்று. 1888-இல் எல்லையையே நகர்த்தி ஊர் முழுவதையும் யார்க்‌ஷயருக்குள் கொண்டு வந்தார்கள். கட்டடத்தை இடிக்காமல் எல்லைக்கோட்டை நகர்த்தியவர்கள் நல்ல அளவர்கள் என்பேன்.

அக்காள் மகள் அனுப்பிய சீட்டுக்கு வருகிறேன். அதிலுள்ள வரிகளை ஒவ்வொன்றாகப் படித்தாலே அந்த நாட்டு உள்ளாட்சியின் அமைப்பு முழுவதும் விளங்கிவிடும். இந்த வரிக்கு அங்கே கவுன்சில் வரி என்று பெயர். 1991 ஏப்ரலில் அந்த வீடு என்ன விலைக்குப் போயிருக்கும் என்ற மதிப்பீட்டைக் கொண்டு வீடுகளை எட்டு வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். இன்றைக்கும் அந்த மதிப்பீடே அடிப்படை. முதல் வரியில் ஓல்டம் மன்றத்தின் பங்கு. சீட்டில் பெருந்தொகை இதுதான். பள்ளிகள், நூலகங்கள், குப்பை அள்ளுதல், தெருக்கள், கட்டட அனுமதி, ஆதரவற்ற குழந்தைகளின் காப்பு ஆகிய அனைத்தும் இந்த மன்றத்தின் பொறுப்பு. முதியோர் பராமரிப்புக்கென்று தனியாக ஒரு கூடுதல் விழுக்காடும் காட்டப்பட்டிருக்கிறது. முதியவருக்கு வீட்டுக்கே வந்து உதவும் ஆளை ஏற்பாடு செய்வது உள்ளாட்சியின் கடமை என்பதை இங்கே நாம் நினைத்தும் பார்த்ததில்லை. வயதான பெற்றோரைத் தனியே விட்டுப் பிள்ளைகள் வளைகுடாவுக்கும் பெங்களூருக்கும் போய்விட்ட எங்கள் தெருவைப் பார்க்கும்போது, அந்த ஒரு வரியின் மீது என் கண் நெடுநேரம் நின்றது.

அடுத்த இரண்டு வரிகள் கிரேட்டர் மான்செஸ்டர் மேயருக்கு உரியவை: ஒன்று காவல்துறைக்கு, மற்றொன்று தீயணைப்பு உள்ளிட்ட பொதுச் செலவுக்கு. இதன் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1974-இல் பத்து மாவட்டங்களுக்கும் மேலே கோட்ட மன்றம் ஒன்றும் இருந்தது. போக்குவரத்து, காவல், தீயணைப்பு, குப்பையைக் கொண்டு போய் அழித்தல் போன்ற பெரிய வேலைகளை அது பார்த்தது. 1986-இல் மார்கரெட் தாட்சரின் அரசு ஆறு பெருநகரக் கோட்ட மன்றங்களையும் கலைத்தது. கோட்டம் என்ற பெயர் வரைபடத்தில் நின்றது. அதை ஆளும் மன்றம் இல்லை. பெரும்பாலான அதிகாரங்கள் மாவட்டங்களுக்கு இறங்கின. பிரிக்க முடியாதவற்றைக் கூட்டுக் குழுக்கள் பார்த்துக்கொண்டன. பத்து மாவட்டங்களும் சேர்ந்து 2011-இல் ஓர் ஒருங்கிணைந்த அமைப்பை உண்டாக்கின. 2017-இல் அதற்கு மக்களே நேரடியாக ஒரு மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆண்டி பர்னம் வென்றார். கலைத்த மன்றத்தின் வேலையை வேறு பெயரில் மீண்டும் கட்டியெழுப்ப முப்பது ஆண்டுகள் ஆயின. குப்பைக்கும் பேருந்துக்கும் ஊர் எல்லை தெரியாது. அவற்றைக் கவனிக்க ஊர்களுக்கு மேலே ஓர் அமைப்பு இருந்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். 2024 மார்ச்சில் ஓல்டத்துப் பேருந்துகளும் அந்த மேயரின் பொதுக் கட்டுப்பாட்டுக்கு வந்து மஞ்சள் வண்ணம் பூசிக்கொண்டன. டிராம் வண்டி ஓல்டம் நகரத்துக்கு வருகிறது, சாடில்வொர்த்துக்கு வருவதில்லை. அவர்களுக்குக் கிரீன்ஃபீல்டில் ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. பழைய ஓல்டம் ரயில் பாதை டிராம் பாதையாக மாறிவிட்டதால், அந்த மாவட்டம் முழுவதற்கும் எஞ்சியிருக்கும் ரயில் நிலையம் அது ஒன்றுதான்.

மாவட்டம் என்ற சொல்லை நான் இங்கே பயன்படுத்தும்போது, வாசிப்பவர் மனத்தில் மாவட்ட ஆட்சியரின் உருவம் வந்து நிற்கும். அங்கே ஆட்சியர் என்று ஒருவர் கிடையாது. மேலேயிருந்து அனுப்பப்பட்ட அதிகாரி எவரும் மாவட்டத்தை ஆள்வதில்லை. 20 வட்டங்கள் (வார்டுகள்), வட்டத்துக்கு மூன்று பேராக 60 உறுப்பினர்கள். அவர்கள் தமக்குள் ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர் ஒரு சிறிய அமைச்சரவை போன்ற குழுவை வைத்துக்கொண்டு நடத்துகிறார். தலைமை நிர்வாக அதிகாரியை நியமிப்பதும் அந்த மன்றமே. வழக்கமாக ஒவ்வொரு முறையும் மூன்றில் ஒரு பங்கு இடங்களுக்கே தேர்தல் நடக்கும். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தேர்தல், நான்காம் ஆண்டு ஓய்வு. வட்ட எல்லைகளைத் திருத்தியதால் 2023-இல் மட்டும் 60 இடங்களுக்கும் ஒரே நாளில் வாக்களித்தார்கள். எங்கள் நகராட்சி உறுப்பினர்கள் தெருவிளக்குக்கும் குடிநீர்க் குழாய்க்கும் எத்தனை மேசைகளுக்கு மனு எழுத வேண்டியிருக்கிறது என்பதை அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில், இந்த ஏற்பாட்டின் மீது எனக்கு மதிப்பு உண்டு. அதே வேளையில், வரியைக் குறிப்பிட்ட விழுக்காட்டுக்கு மேல் உயர்த்த வேண்டுமானால் அந்த மன்றம் ஊர் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். அந்த வரம்பை விதிப்பது லண்டனிலுள்ள அரசு. கடமை முழுவதும் ஊருக்கு, கடிவாளம் தலைநகருக்கு. இந்த இடத்தில் நமக்கும் அவர்களுக்கும் வேறுபாடு அதிகமில்லை.

சீட்டின் கடைசி வரி மிகச் சிறிய தொகை. சாடில்வொர்த் பாரிஷ் மன்றம் என்று அதில் இருக்கிறது. பாரிஷ் என்பது நம் கிராம ஊராட்சிக்கு ஈடாகச் சொல்லத்தக்க அடிப்படை அலகு. ஓல்டம் மாவட்டத்தில் அப்படிப்பட்டவை இரண்டே இரண்டு: ஒன்று சாடில்வொர்த், மற்றொன்று ஷா – கிராம்ப்டன். சாடர்ட்டனுக்கோ ராய்ட்டனுக்கோ ஃபெயில்ஸ்வொர்த்துக்கோ இல்லை. அதிகாரம் என்று பார்த்தால் அந்தச் சிறு மன்றத்துக்கு அதிகம் கிடையாது. கட்டட அனுமதி கேட்டு வரும் விண்ணப்பங்களில் கருத்துச் சொல்லலாம், முடிவெடுக்க முடியாது. மேட்டுப் பகுதியில் ஒரு பாகம் 1951-இல் அமைந்த பீக் மாவட்டத் தேசியப் பூங்காவுக்குள் வருவதால், அங்கே வீடு கட்ட அனுமதி தருவது ஓல்டம் மன்றமும் அல்ல, பூங்கா ஆணையம். வனத்துறையின் கல்லுக்கும் வருவாய்த்துறையின் கல்லுக்கும் நடுவே நின்று பட்டா கேட்கும் மலையடிவாரத்து விவசாயிக்கு இது புரியும். இருந்தாலும் சாடில்வொர்த் என்ற பெயரைச் சட்டப்படி தாங்கி நிற்கும் மன்றம் அந்தப் பாரிஷ் ஒன்றே. என் அக்காள் மகள் அந்தச் சிறு தொகையை வீண் செலவு என்றாள். நான் மறுத்தேன். ஒரு பெயர் பேச்சில் மட்டும் வாழாமல் பதிவேட்டிலும் இருப்பதற்கு அது மலிவான விலை.

பக்கத்து வீட்டம்மா சொல்வதும் பொய்யில்லை. 1974-இல் மாறியது ஆட்சி எல்லை மட்டுமே, பழைய யார்க்‌ஷயர் என்ற நிலம் எங்கும் போய்விடவில்லை என்று வாதிடுகிறவர்கள் அங்கே நிறையப் பேர். அதற்கென்றே வெள்ளை ரோஜாச் சங்கம் ஒன்று இருக்கிறது. வெள்ளை ரோஜா யார்க்‌ஷயரின் சின்னம். ஆகஸ்ட் 1 அன்று யார்க்‌ஷயர் நாள் கொண்டாடுகிறார்கள். எங்கள் ஊர் நுழைவாயிலில் நிற்கும் திருவிதாங்கூர்க் காலத்து வளைவைக் கடக்கும்போது நான் இதை எண்ணிக்கொள்கிறேன். அந்த வளைவை நாங்கள் இடிக்கவில்லை; ஆனால் அதன் பெயரால் யாரும் கொடி ஏற்றுவதுமில்லை. காரணம் தெளிவு. எங்களுக்கு மொழி என்ற ஒன்று இருந்தது. நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழர்கள் போராடினார்கள். 1954 ஆகஸ்டில் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. கேட்டு, இழந்து, பெற்ற எல்லை இது. தேவிகுளமும் பீருமேடும் வராமல் போன வருத்தம் இன்னும் பழைய ஆட்களிடம் இருக்கிறது. சாடில்வொர்த்தில் மலைக்கு இரு பக்கமும் ஆங்கிலம்தான். நீர்வழியும் போக்குவரத்தும் மேற்கே இழுக்கின்றன என்ற நிர்வாகக் கணக்கில் அவர்களுடைய கோடு மாறியது. கணக்கு சரியானதே, அளவனாக நான் அதில் பிழை சொல்ல மாட்டேன். ஆனால் கேட்டுப் பெற்ற கோட்டை ஐம்பது ஆண்டுகளில் மனம் ஏற்றுக்கொள்வதுபோல், கொடுக்கப்பட்ட கோட்டை ஏற்றுக்கொள்வதில்லை.

இவ்வளவையும் அவளுக்கு எழுதி அனுப்பினேன். வரியை ஓல்டத்துக்குக் கட்டு, குறையிருந்தால் சாடில்வொர்த் வட்டத்து உறுப்பினரிடம் சொல், காவல்துறையைப் பற்றியதென்றால் மேயருக்கு எழுது, பக்கத்து வீட்டம்மாவிடம் யார்க்‌ஷயர் என்றே பேசு என்றேன். வேறொன்றும் கேட்டிருந்தேன். ஸ்டாண்டெட்ஜ் மேட்டில், பழைய ஹடர்ஸ்ஃபீல்டு சாலை உச்சியைத் தொடும் பகுதியில், ஒரு பக்கத்து மழை டேம் ஆற்றுக்கும் மறுபக்கத்து மழை கோல்ன் ஆற்றுக்கும் பிரிகிறது. முன்னது ஐரிஷ் கடலுக்கு, பின்னது ஹம்பர் வழியாக வட கடலுக்கு. இன்றைய மாவட்ட எல்லையும் ஏறத்தாழ அந்த உச்சியை ஒட்டியே போகிறது. விடுமுறை நாளில் போய்ப் பார்த்து, அங்கே எல்லைக்கல் ஏதாவது நட்டிருக்கிறார்களா, அதில் எந்தப் பெயரை வெட்டியிருக்கிறார்கள் என்று படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். மழை விட்டதும் போகிறேன் மாமா என்று பதில் வந்திருக்கிறது.